ஐந்து வருடம் உறங்கிய மோட்டார் சைக்கிள்

எந்நாளும் கணக்குப் புத்தகத்தோடு மாரடிக்கும் நான் இம்மாதம் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

காலமான நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் ஐந்து வருடமாகக் கராஜில் நின்றது. "அண்ணை, பழைய இரும்புக்குக் குடுத்துவிடுவமோ?" என்று அவர் மனைவி கேட்டார். மகனுக்கு மனமில்லை. தகப்பன் ஓடியதல்லவா? திருத்துமிடத்தில் கேட்ட தொகையோ அதன் பெறுமதியைவிடக் கூட. ஒரு சனிக்கிழமை நானே போனேன்.

முதலில் பற்றரி. நன்றாக மின்னேறிய 12 வோல்ற் பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்டவேண்டும். இது 8 காட்டியது. புதிது போட்டோம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். நெடுநாள் நின்ற சிலிண்டர் உள்ளே காய்ந்திருக்கும். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலிக்கூடு! துப்புரவாக்கி, புதுப் பிளக் பூட்டி, சுவிட்சை அமத்தினோம். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

பெற்றோல் தாங்கியைத் திறந்தேன். வார்னிஷ் மணம். பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைப்பது. காலப்போக்கில் அது பறந்துவிடும். மிச்சம் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும்.

உடனே யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின், பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெயும் குளிரில் பற்றாது. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டுத்தான் உதைப்போம். சூடானபின் மண்ணெண்ணெய் இழுக்கும்.

அதே கைப்பழக்கத்தில் பெற்றோல் போத்தலைத் திறந்தேன். "மாமா, கதவு பூட்டிக் கிடக்கு. வெளியில தள்ளுவமே?" என்றான் மகன். வெட்கமாகப் போயிற்று. பூட்டிய கராஜில் பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். எஞ்சின் பற்றினாலோ காபனோரொட்சைட்டு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

முற்றத்துக்குத் தள்ளினோம். பிளக் துளையால் சில துளி புதுப் பெற்றோல் விட்டு, பிளக்கை இறுக்கி, போத்தலை மூடித் தூர வைத்துவிட்டு அமத்தினோம். நாலு தரம் வெடித்து நின்றது. அப்படியானால் பிளக்கில் பொறி வருகிறது, எஞ்சினில் அமுக்கமும் இருக்கிறது. குறை எரிபொருளில்தான். கணக்குப் பிழையையும் இப்படித்தான், சரியானதை ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிப்போம்.

பழைய பெற்றோல் முழுவதையும் இறக்கி, காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றாமல் நகரசபையின் நச்சுக்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைத்தோம். உங்களுடையது காபரேற்றர் இல்லாத, எரிபொருளைப் பீச்சும் புதுவகை என்றால் தெரிந்தவரிடமே விடுங்கள்.

மாலை எஞ்சின் பற்றியது. சத்தம் கேட்டு நண்பரின் மனைவி வாசலுக்கு வந்தார். எஞ்சின் நிற்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இரும்புக்குக் குடுக்க வேண்டாம்" என்றார்.

மொத்தச் செலவு 94 யூரோ. ஆனாலும் வீதிக்கு எடுக்கவில்லை. பிரேக், ரயர் பார்த்து, காலம் கடந்த தொழில்நுட்பப் பரிசோதனையும் முடியவேண்டும். இனி மாரிக்கு நிறுத்துமுன் காபரேற்றரை வடித்துவிடுங்கள். பற்றரியைக் கழற்றி இடைக்கிடை மின்னேற்றுங்கள்.