காடு எரிவது யாரால்? காப்பது யார்?

(திண்டிவனத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, ரேஷன், வேலைநாள் என்று பேசும் இடத்தில் காட்டுத் தீயைப் பற்றிப் பேசுகிறோமே, இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. மாசி, பங்குனி இரவுகளில் மலைச்சரிவில் சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். திருவண்ணாமலை மலையில் பல கோடைகளில் இப்படித் தீ பிடித்திருக்கிறது. மறுநாள் விஷமிகளின் வேலை என்று ஒரு வரிச் செய்தி வரும். அதோடு கதை முடிந்தது. அந்த விஷமி யார் என்று தேடும்போது முதலில் சந்தேகப்படுவது யாரை? விறகு பொறுக்கப் போன நம் வீட்டுப் பெண்ணை. ஆடு மேய்க்கும் பெரியவரை. ஆகவே இந்த விஷயத்தை நாம் விஞ்ஞான ரீதியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், சூடு, காற்று. ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை. இது ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. இறுக்கிக் கட்டிய பஞ்சு பேலில் பொறி விழுந்தால் மேலாகக் கருகிப் புகையும். அதே பஞ்சைப் பிரித்துப் போட்ட இடத்தில் பொறி விழுந்தால் கண் இமைப்பதற்குள் எல்லாம் பற்றிக்கொள்ளும். காரணம், பிரிந்த பஞ்சுக்குள் காற்று புகுந்திருக்கிறது. காட்டிலும் அப்படித்தான். பெரிய மரம் சட்டென்று எரிவதில்லை. காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும்தான் முதலில் பிடிக்கின்றன. நம் நாட்டுக் காட்டுத் தீயில் பெரும்பகுதி தரையில் ஓடும் தீயே.

இன்னொன்று, சரிவு. தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சுடர் விரல் வரை பாய்ந்து ஏறும். நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாக இறங்கும். மலையில் தீ மேல்நோக்கி ஓடுவதும் இதே காரணத்தால்தான். மேலே உள்ள புல்லைச் சுடர் முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கி வைத்துவிடுகிறது. பின்னால் காற்றும் தள்ளினால் மனிதன் ஓடித் தப்ப முடியாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி ஜில்லா போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த இளைஞர்கள், அவர்களில் பலர் பெண்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, வேகமான காற்று, மூன்றும் ஒன்று சேர்ந்தன. 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னால் வந்தன. ஆனால் முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் அந்த மலையடிவாரத்து மக்கள். இதை நாம் மறக்கக்கூடாது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டார்கள். நல்லது. ஆனால் தினமும் காட்டுக்குள் போய் வேலை செய்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு?

தீயின் கேடு அன்றோடு முடிவதில்லை. வருஷா வருஷம் எரியும் இடத்தில் மரக்கன்று தலையெடுக்காது. புல் மட்டும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அந்தப் புல்லே அடுத்த கோடைக்கு எரிபொருளாகும். நாளடைவில் காடு புல்மேடாகவும் முட்புதராகவும் போகும். சருகுப் போர்வை இல்லாத மண்ணை முதல் மழை அடித்துக்கொண்டு போய் ஏரியில் கொட்டும். ஏரி தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது, நடவு குறையும், கூலி குறையும். மலையில் எரிந்த தீ நம் வீட்டு அடுப்பை அணைக்கிறது, தோழர்களே!

அப்படியானால் காட்டில் தீயே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் போதுமா? வெள்ளைக்காரன் அதைத்தான் செய்தான். 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக் காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்றது. அதே சட்டம் பெயர் மாறி இன்றும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவிலும் 1910-இல் பெருந்தீ சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்த பிறகு, எந்தத் தீயையும் உடனே அணைப்பதே கொள்கையாயிற்று. மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935-இல் விதியே போட்டார்கள். விளைவு? சிறு தீயெல்லாம் அணைந்தது. சருகும் சுள்ளியும் ஆண்டுக்கணக்கில் குவிந்தன. பிறகு வந்த தீ யாருக்கும் அடங்காத தீயாக வந்தது. 1970-களில் அவர்களே அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள்.

சத்தியமங்கலம் காடுகளுக்கு வடக்கே, கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோளகர் பழங்குடி மக்கள், புல் முழுக்கக் காயுமுன், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைத்து வந்தார்கள். முழங்காலுக்கு மேல் எழாத தீ. 1974-இல் அங்கே சரணாலயம் வந்தது. அந்தத் தீ நின்றது. பின்னால் உண்ணிச்செடி காடெங்கும் புதராக மண்டியதை ஆராய்ச்சியாளர்களும் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தீயை நிறுத்தியதே இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் சோளகர்கள். இன்று அந்தப் புதரில் கண்டபடி தீ வைத்தால் சுடர் மர உச்சிக்கே ஏறிவிடும். ஆகவே பழையபடி வைத்துவிடலாம் என்றும் நாம் சொல்லவில்லை. எங்கே, எப்போது, எந்த அளவில் என்பதை அந்த மக்களின் அனுபவமும் விஞ்ஞானமும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்கிறோம்.

தீயை நிர்வகிப்பது கைவேலை. கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். கரும்பு வெட்டிய வயலில் சோகைக்குத் தீ வைக்குமுன் வரப்போரத்தைச் சுத்தம் செய்து, காற்றுப் பார்த்து நிற்கிறீர்களே, அதே வித்தைதான். பெருந்தீ வரும்போது அதன் முன்னால் எதிர்த்தீ வைத்து எரிபொருளை இல்லாமல் செய்வதும் உண்டு. அது பழகிய கை மட்டுமே செய்யவேண்டிய காரியம். இன்று செயற்கைக்கோள் தீயைக் கண்டுபிடிக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் காட்டிலாகாவுக்குச் செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் செயற்கைக்கோள் இறங்கி வந்து தீயை அடிக்காது. பச்சை மரக்கிளையை ஒடித்துக்கொண்டு போய் அடிக்கிறவன் மனிதன்.

அந்த மனிதன் யார்? பல இடங்களில் தினக்கூலி. பல ஆண்டுகளாகத் தற்காலிகக் காவலர். 2024 ஜூன் 13-இல் உத்தராகண்டில் பின்சார் சரணாலயத்தில் தீயணைக்கப் போன நால்வர் அன்றே கருகி மாண்டனர். அவர்களில் தீக்காவலரும் தினக்கூலியும் இருந்தனர். காட்டைக் காக்கச் செத்தவர்களில் நிரந்தர ஊழியர் அல்லாதவர்களும் உண்டு. இது நியாயமா?

ஆகவே நாம் கேட்பது இது. தீத்தடுப்புக் கோடு போடும் வேலையை மலையடிவாரத்து ஊர்மக்களுக்கே, மாசிக்கு முன்பே, முழுக் கூலியோடு கொடுக்க வேண்டும். தீக்காவலருக்கு நிரந்தர வேலை, பருத்தி உடை, காலணி, பயிற்சி, விபத்துக் காப்பீடு வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் காட்டுவாசி மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதை ஏட்டிலிருந்து காட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பீடித் துண்டை மிதித்து அணைக்காமல் போகாதீர்கள். புதுப் புல் வரும் என்று மலைக்குத் தீ வைக்காதீர்கள். யாராவது வைத்தால் தடுத்துச் சொல்லுங்கள். தீயில் சிக்கினால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். வெறும் பாறை, தண்ணீர், ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இவையே புகலிடம். நைலான் துணி உருகி உடம்போடு ஒட்டும்; பருத்தித் துணியால் முகத்தை மூடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தோழர்களே! காட்டை விட்டு மக்களை விரட்டினால் காடு பிழைக்கும் என்கிறார்கள் சிலர். குரங்கணியில் முதலில் ஓடி வந்தவர்கள் யார் என்று அவர்களைக் கேளுங்கள். காட்டை அறிந்த கைகளுக்கு உரிமையும் கூலியும் கொடுத்தால் அந்தக் கைகளே காட்டைக் காக்கும். அடுத்த மாசி வருமுன் இதை ஊர் ஊராகப் பேசுவோம்.