ஆலப்புழைக்கு மூணு நாள்



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘படிப்பும் பயணமும்’. படிப்பைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால பயணத்தை மட்டும் எடுத்துக்கிறேன். அதுவும் ஒரே ஒரு பக்கம்: வேம்பநாட்டுக் காயலும், அதற்கு மேற்கே இருக்கிற கடற்கரையும்.

நம்ம ஆளுங்க ஆலப்புழை போனா என்ன செய்யறோம்? வேன் பிடிச்சுப் போய் ஒரு ஹவுஸ்போட்டை வாடகைக்கு எடுத்து, கரிமீன் வறுவல் சாப்பிட்டு, பாட்டைச் சத்தமா வெச்சு, மறுநாள் காலையில இறங்கி ‘பார்த்தாச்சு’ன்னு வந்துடறோம். அந்தப் படகுக்கு முன்னோடி கெட்டுவள்ளம். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் கட்டி, நெல்லும் கொப்பரையும் ஏற்றிப் போன சரக்குப் படகு. லாரி வந்ததும் அதுக்கு வேலை போச்சு. அப்புறம்தான் கூரை போட்டுச் சுற்றுலாவுக்கு வந்தது. அந்தக் கதை தெரியாமலே அதில் தூங்கிட்டு வர்றோம்.

நான் மாணவர்களுக்குச் சொல்றது வேற வழி. முதுகுல ஒரு பை, கையில மூணு நாள். ஆலப்புழை ஜெட்டியில கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு ஏறுங்க. 1968-ல் தொடங்கிய துறை அது. அந்த ஜனங்களுக்கு அதுதான் டவுன் பஸ். கோட்டயம் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பஸ் இதைவிடச் சீக்கிரம் போயிடும், அதனால என்ன? சுக்கான் பிடிக்கிறவருக்கு ஸ்ராங்க் என்று பெயர். அவர் கயிற்றை இழுத்து மணி அடிப்பார். கீழே எஞ்சின்கிட்ட இருக்கிறவர் அந்த மணியைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். லஸ்கர் கயிற்றோட கரைக்குத் தாவுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடை, சைக்கிள் எல்லாம் ஏறும், இறங்கும்.

குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கு. வரப்புக்கு இந்தப் பக்கம் உயரத்தில் படகு, அந்தப் பக்கம் பள்ளத்தில் நெல். படகிலிருந்து குனிஞ்சு வயலைப் பார்க்கிற அதிசயத்தை வேற எங்கே பார்ப்பீங்க? வயல் தண்ணீரை வெளியே இறைக்க ‘பெட்டியும் பறையும்’ என்று ஒரு மர இறைவை வெச்சிருக்காங்க. இந்த விவசாய முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

ஒரு விஷயம் கவனமா கேளுங்க. அந்தக் கால்வாய்க் கரைதான் அவங்க வீட்டு வாசல். பாத்திரம் தேய்க்கிறதும் குழந்தையைக் குளிப்பாட்டுறதும் அங்கேதான். நம்ம கொல்லைப்புறத்தில ஒருத்தன் கேமராவோட வந்து நின்னா விடுவோமா? படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

காயல் எப்பவும் சாதுன்னும் நினைக்காதீங்க. 2002 ஜூலை 27-ல் முகம்மையிலிருந்து குமரகம் போன படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தாங்க. அதில் நிறைய பேர் அரசு வேலைக்கான தேர்வு எழுதக் கிளம்பினவங்க. இங்கே பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற உங்களை மாதிரிப் பிள்ளைங்க. நிறைஞ்ச படகில் முண்டியடிச்சு ஏறாதீங்க. அடுத்தது வரும், காத்திருங்க.

காயலுக்கும் நோய் இருக்கு. உப்புத் தண்ணீர் வயலுக்கு வராமல் தடுக்க 1976-ல் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. நெல்லுக்கு நல்லது. ஆனா ஷட்டர் மூடியிருக்கிற மாதங்களில் மீன் போய்வர முடியல, ஆகாயத்தாமரை மண்டுது, அழுக்கு தேங்குது. விவசாயிக்கும் மீனவருக்கும் இதில் இன்னும் வழக்கு தீரல. அதோட நாம வீசுற பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்தா?

அணைக்கு வடக்கே வைக்கம். தவணைக்கடவுக்கும் அங்கேக்கும் நடுவில் ‘ஆதித்யா’ என்ற படகு 2017-ல் வந்தது. இந்தியாவின் முதல் சூரிய சக்திப் பயணிப் படகு, 75 பேர் உட்காரலாம். புகை இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. தண்ணீர் சத்தம் காதில் விழும். வைக்கம் நமக்கும் சொந்தமான ஊர். 1924-ல் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடிப் பெரியார் சிறை போன இடம். நினைவகத்தைப் பார்க்காம வராதீங்க.

கடைசி நாளைக் கடலுக்கு வெச்சுக்கோங்க. முகம்மையிலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர் போனா மாராரிக்குளம். காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மணல் பட்டை அவ்வளவுதான்! அங்கே வேடிக்கைன்னு ஒண்ணும் கிடையாது. தென்னை, மணல், கரையேத்தின வள்ளங்கள். விடியற்காலை எழுந்தா வலை வந்து இறங்குறதைப் பார்க்கலாம். மீனவ வீடுகளில் சிலர் தங்க அறை கொடுக்கறாங்க. காசு அந்த ஊரிலேயே தங்கட்டும். மழைக்காலத்தில் கடலில் இறங்கவே கூடாது, அலை இழுத்துடும்.

சென்னையில் ராத்திரி ரயில் ஏறினா மறுநாள் முற்பகல் ஆலப்புழை. டிசம்பர், ஜனவரி நல்ல காலம். துண்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், டிக்கெட்டுக்குச் சில்லறை போதும். மலையாளம் தெரியலையேன்னு கவலை வேண்டாம், மெதுவாப் பேசினா ரெண்டு பக்கமும் புரியும். போய்ட்டு வந்து அடுத்த சந்திப்பில் நீங்க பேசுங்க, நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.