அயல்நாட்டில் வாழும் இந்தியரும் ஆபத்துக் கால முன்னேற்பாடும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அயல்நாடு சென்று பொருளீட்டும் இந்தியரைப் பற்றிப் பேச்சு எழும்போது அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். அது இயல்பே. 2022-ஆம் ஆண்டில் அவர்கள் தாயகத்திற்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 11,100 கோடி டாலர். ஓராண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் இவ்வகையில் பெற்ற முதல் நாடு இந்தியாவே. இந்த வரவு நமது அந்நியச் செலாவணிக் கணக்கில் ஒழுங்காக இடம்பெற்றுவிடுகிறது. ஆனால் அதனை ஈட்டுவதற்காக அவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

போர், கலகம், நிலநடுக்கம், தீ, விபத்து, நோய் ஆகியவை எந்த நாட்டிலும் நேரலாம். சொந்த ஊரில் நேர்ந்தால் உறவினர் இருக்கிறார்கள்; மொழி தெரியும்; நமது உரிமை இன்னதென்று சொல்ல ஆள் உண்டு. அயல்நாட்டில் இம்மூன்றும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது முன்னேற்பாடு ஒன்றே. இன்று நான் வற்புறுத்த விரும்புவதும் இதுவே: மீட்பு என்பது கடைசிப் படி, அந்தப் படி உறுதியாக இருப்பதும் இல்லாததும் முதற்படிகளைப் பொறுத்தது. இதனை மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

குவைத் தந்த பாடம்

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்திற்குள் புகுந்தன. அப்போது அங்கு ஏறத்தாழ 1,70,000 இந்தியர் வசித்துவந்தனர். விமானப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆகவே மிகப் பெரும்பாலோர் ஈராக் வழியாகச் சாலை மார்க்கமாக ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மானை அடைந்து, அங்கிருந்து தாயகம் திரும்ப வேண்டியிருந்தது. ஏர் இந்தியா நிறுவனம் 59 நாட்களில் 488 தடவை விமானங்களை இயக்கி, 1,11,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து சேர்த்தது. குடிமக்களை விமானம் மூலம் மீட்ட வரலாற்றில் இதற்கு ஈடு கூறுவது அரிது. இச்சாதனையை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் பொருளாதார நோக்கில் பார்த்தால் அதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது.

உயிர் தப்பி வந்தவர்களில் பலர் பல ஆண்டுச் சேமிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தனர். நேற்றுவரை உலகில் மிக உயர்ந்த மதிப்புடைய நாணயங்களுள் ஒன்றாக இருந்த குவைத் தினார், ஈராக்கிய தினாருக்குச் சமம் என்று ஆக்கிரமிப்பாளரால் அறிவிக்கப்பட்டது; பின்னர் அடியோடு செல்லாததாக்கப்பட்டது. வருவாய், சேமிப்பு, உடைமை, இருப்பிடம் ஆகிய அனைத்தும் ஒரே நாட்டில், ஒரே நாணயத்தில் இருந்த குடும்பங்கள் ஒரே அடியில் அனைத்தையும் இழந்தன.

இழப்பீட்டின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. 1991-இல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதி வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு அது இழப்பீடு வழங்கியது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த தனிநபருக்கு 2,500 டாலரும், குடும்பத்திற்கு 5,000 டாலரும் என நிர்ணயிக்கப்பட்டது. வேறு இழப்புகளைக் கோராதவர்களுக்கு இத்தொகை முறையே 4,000, 8,000 டாலராக இருந்தது. இதனைப் பெற, குறிப்பிட்ட காலத்திற்குள் வெளியேறியதை மெய்ப்பித்தாலே போதும். ஆனால் சம்பள பாக்கி, வங்கிச் சேமிப்பு, வீட்டுப் பொருள் போன்ற பெரிய இழப்புகளைக் கோரியவர்கள் தக்க சான்றுகளைக் காட்ட வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தவரின் கோரிக்கைக்கு வலு இருந்தது; வெறுங்கையுடன் வந்தவரின் கோரிக்கைக்கு அந்த வலு இல்லை. ஒரு காகிதத்தின் பணமதிப்பு என்ன என்பதைக் குவைத் நமக்குக் கற்பித்தது. அந்த ஆணையம் தனது கடைசித் தவணையைச் செலுத்தி முடித்தது 2022 ஜனவரியில்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உக்ரைனும் மாணவர்களும்

இரண்டாவது நிகழ்ச்சி மாணவர்களை நேரடியாகத் தொடுவது. உக்ரைனில் ஏறத்தாழ 20,000 இந்தியர் இருந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் கல்வி பயின்றவர்கள். 2022 ஜனவரியிலேயே நமது தூதரகம் அவர்களைத் தங்கள் விவரங்களைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டது. இன்றியமையாத காரணமின்றித் தங்கியிருப்போர் தற்காலிகமாக வெளியேறுவதைக் குறித்துச் சிந்திக்குமாறு பிப்ரவரி 15-ஆம் நாள் அறிவுரை வழங்கியது. பிப்ரவரி 24-ஆம் நாள் போர் மூண்டது, வான்வழி மூடப்பட்டது. இடைப்பட்டவை ஒன்பது நாட்கள்.

அந்த ஒன்பது நாட்களில் பல மாணவர்கள் ஏன் புறப்படவில்லை? வகுப்புகள் நேர்முகமாக நடந்துகொண்டிருந்தன. வருகைப் பதிவு குறைந்தால் படிப்பு பாழாகும் என்ற அச்சம் இருந்தது. விமானக் கட்டணம் ஏறியிருந்தது. கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய குடும்பத்திற்கு இவை அற்பக் காரணங்கள் அல்ல. ஆயினும் கணக்கை மற்றொரு விதமாகவும் போட வேண்டும். முன்கூட்டித் திரும்புவதற்கு ஆகும் பயணச் செலவை வீண் செலவாகக் கருதாமல், காப்பீட்டுக் கட்டணமாகக் கருதுதல் வேண்டும். ஆபத்து நேராமற்போனால் காப்பீட்டுக் கட்டணம் திரும்புவதில்லை. அதற்காக யாரும் காப்பீடு வீண் என்று சொல்வதில்லை.

பின்னர் 'ஆபரேஷன் கங்கா' என்ற பெயரில் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா முதலிய நாடுகளின் எல்லை வழியாக மாணவர்கள் மீட்கப்பட்டனர். எனினும் எல்லையை அடையும் வரை உள்ள தூரத்தை மாணவர்களே கடக்க வேண்டியிருந்தது. கடுங்குளிரில் பல மணி நேரம் நடந்தவர்களும் உண்டு. கார்கிவ் நகரில் உணவுப் பொருள் வாங்க வெளியே சென்ற இந்திய மாணவர் ஒருவர் மார்ச் 1-ஆம் நாள் தாக்குதலில் உயிரிழந்தார். அறையில் சில நாட்களுக்கான உணவும் நீரும் சேமித்து வைத்தல் எவ்வளவு முக்கியமானது என்பதை இத்துயர நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

அன்றாட ஆபத்துகள்

போர் அபூர்வமாக நேர்வது. அயல்நாட்டில் நம்மவர் உயிரிழக்கும் காரணங்களுள் நோயும், சாலை விபத்தும், பணியிட விபத்தும், தங்குமிடத்தின் குறைபாடுகளும் அன்றாடம் உடனிருப்பவை. 2024 ஜூன் 12-ஆம் நாள் விடியற்காலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் தீப்பற்றியது. அறைகளுக்கிடையே எளிதில் எரியும் பொருளால் தடுப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. கரும்புகை மாடிப்படி வழியே மேலேறியது. மேல்தளத்துக் கதவு பூட்டப்பட்டிருந்தது. இறந்தவர்களில் 45 இந்தியரின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொண்டுவரப்பட்டன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

தங்குமிடத்தில் நுழைந்த முதல் நாளிலேயே ஒருவர் பார்க்க வேண்டியவை மூன்று. வெளியேறும் வழிகள் எத்தனை? அவற்றின் கதவுகள் திறந்துள்ளனவா? புகை சூழ்ந்தால் இருட்டில் தடவிச் செல்லக்கூடியவாறு எத்தனை கதவு கடந்தால் படிக்கட்டு வரும்? இதற்குப் பத்து நிமிடமும் ஆகாது. அந்நாட்டின் அவசர உதவி எண்களையும் அன்றே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 112. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 995. ஐக்கிய அரபு அமீரகத்தில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 998, தீயணைப்புக்கு 997. அவ்வாறே அந்நாட்டின் தொழிற்சட்டத்தையும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. இது தெரியாத தொழிலாளிக்கு அந்தச் சட்டம் நிழல் தருவதில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, பதிவு. சென்று சேர்ந்தவுடன் இந்தியத் தூதரகத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். முகவரி மாறினால் அதனையும் தெரிவிக்க வேண்டும். 2015-இல் ஏமனிலிருந்தும், 2023-இல் சூடானிலிருந்தும் நம்மவர் மீட்கப்பட்டபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அறிவதே முதல் வேலையாக இருந்தது. சூடானில் தலைநகர் கார்ட்டூமிலிருந்து துறைமுகத்திற்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பேருந்துகளை ஏற்பாடு செய்வதற்கு, எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும்.

இரண்டாவது, ஆவணங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், கல்விச் சான்று ஆகியவற்றின் நகல்கள் மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: தம்மிடம் ஒன்று, ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இதனைச் சட்டமே தடுத்துள்ள நாடுகளும் உண்டு. பாஸ்போர்ட் இல்லாமற்போனால், தாயகம் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கும். அதற்கும் நகல் கையிலிருந்தால் வேலை எளிதாகும்.

மூன்றாவது, பணம். சேமிப்பை அவ்வப்போது தாயகத்திற்கு அனுப்பிவிட வேண்டும். திரும்பி வருவதற்கான பயணக் கட்டணமும் சில வாரச் செலவுக்கான தொகையும் எந்நேரமும் கைக்கெட்டும் நிலையில் இருத்தல் அவசியம். அதில் ஒரு பகுதி ரொக்கமாக இருக்கட்டும். கலகக் காலத்தில் வங்கிகளும் இயந்திரங்களும் முதலில் மூடிக்கொள்கின்றன.

நான்காவது, குடும்பம். வெளிநாட்டிலுள்ளவரின் பாஸ்போர்ட் எண், விசாவின் வகை, வேலை தரும் நிறுவனத்தின் பெயர், தங்குமிடம், உடன் வசிக்கும் நண்பர் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவை வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'துபாயில் வேலை' என்று மட்டும் தெரிந்த தாயால் மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனுக்கூட நிறைவாக எழுத இயலாது.

ஐந்தாவது, கைதானால் அறிய வேண்டியது. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் விதிப்படி, கைது செய்யப்பட்ட அயல்நாட்டவர் கோரினால் அவரது தூதரகத்திற்குத் தகவல் தெரிவிக்கப்படல் வேண்டும். கேட்பவருக்கே இவ்வுரிமை கிடைக்கும்.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

அரசின் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அவ்வாறு செல்வோருக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்ச ரூபாய் கிடைக்கும். கட்டணம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து இடருற்றோருக்குத் தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி, பயணச் செலவு ஆகியவை தூதரகங்களால் வழங்கப்படுகின்றன.

இவ்வளவும் இருந்தும் யார் விடுபடுகிறார்கள்? சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்டு, அங்கு வேலையில் அமர்த்தப்படுபவர் விடுபடுகிறார். அவருக்கு அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. பதிவேட்டில் பெயரும் இல்லை. அவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்குச் சென்ற பெண்ணாகவோ, கட்டட வேலைக்குச் சென்ற கூலியாளாகவோ இருக்கிறார். உரிமம் பெறாத உள்ளூர் ஏஜெண்டு ஒருவர் 'அதெல்லாம் தேவையில்லை' என்று கூறிய ஒரு சொல்லால், 275 ரூபாயில் கிடைத்திருக்கக்கூடிய 10 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பை அக்குடும்பம் இழக்கிறது. ஆபத்து மிகுந்தவரிடமே பாதுகாப்பு குறைந்திருப்பது இத்துறையின் பெருங்குறை. அறிவிப்புகள் தலைநகரங்களில் வெளியானால் மட்டும் போதாது. ஆள் சேர்ப்பு நடப்பது கிராமத்துத் தேநீர்க் கடையில். எச்சரிக்கையும் அங்கு சென்று சேர வேண்டும். ஊராட்சி அலுவலகம், பள்ளி, மகளிர் சுய உதவிக் குழு, அஞ்சலகம் ஆகியவற்றின் வாயிலாக இதனைச் செய்வது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று.

அன்பர்களே, ஆபத்துக் காலத்தில் கப்பலும் விமானமும் அனுப்பும் வல்லமை நமது நாட்டிற்கு உண்டு என்பது பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆனால் எந்தக் கப்பலும் பெயர் தெரியாதவரைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ள இயலாது. மாணவர்கள் புறப்படுமுன் தங்கள் பெயரைப் பதிவு செய்யட்டும். அலுவலர்கள் பதிவு செய்யத் தெரியாதவரின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றட்டும். அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு டாலரையும் கணக்கில் வைக்கும் நாடு, அதனை அனுப்பும் ஒவ்வொருவரையும் கணக்கில் வைப்பது கடமையாகும்.