நைட் கிளப்புக்கு வாறீகளா?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், முதல் நாள் மாலை, 1991–94 பொருளியல் பிரிவு முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணாச்சி போன வாரம் போன் பண்ணினார். "யம்மா, நீங்கதான் ஊரை விட்டுப் போகாம இங்கயே இருக்கீக. வெளியூர்ல இருந்து வாரவங்க எல்லாம் எங்க சாப்பிட, எங்க போகன்னு என் உயிரை எடுக்காவ. அதைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசிருங்க" என்றார். 'தூத்துக்குடியில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எங்கே சுற்றலாம்' என்று தலைப்பும் அவரே வைத்துவிட்டார். 'என்ன குடிக்கலாம்' என்றதும் பின்வரிசையில் சில அண்ணாச்சிமார் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரிகிறது. அந்தக் குடிக்கு 2003 முதல் அரசாங்கமே கடை நடத்துகிறது. வழி காட்ட நான் தேவையில்லை.

தூத்துக்குடியில் சாப்பாடு என்று பேச்செடுத்தால் முதலில் நைட் கிளப்தான். வெளியூர்க்காரர்கள் இந்தப் போர்டைப் பார்த்துத் திகைப்பார்கள். சென்னையில் இருந்து முதல்முறை வந்த என் நாத்தனார் பஸ்ஸில் இருந்தபடியே, "என்ன மைனி, உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு நைட் கிளப் இருக்கு!" என்று வாயில் கை வைத்தாள். உள்ளே ஆட்டமும் கிடையாது, பாட்டும் கிடையாது. பெரிய இரும்புக் கல், அதன் முன்னால் பனியனோடு ஒரு மாஸ்டர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைக்கே கிளப் என்றுதான் பெயர். காபி கிளப் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். ராத்திரி மட்டும் திறக்கிற கிளப் நைட் கிளப் ஆகிவிட்டது. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் பசிக்கிற நேரத்தில் திறந்திருந்த கடை அது.

புரோட்டா எல்லா ஊரிலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நம் ஊர்க்காரன் அதைச் சாப்பிடுகிற விதம் வேறு. ஓரத்தைக் கிள்ளி, குழம்பில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால் மாஸ்டருக்கே மனசு பொறுக்காது. இலையில் விழுந்த புரோட்டாவைச் சூட்டோடு பிய்த்துப் போட வேண்டும். அதன்மேல் சால்னாவை வஞ்சகம் இல்லாமல் ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் ஊற விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கூழ். மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊற வைத்து, வீசி, சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு எடுத்தபிறகு, நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் அடிப்பார்களே, அந்த அடியில்தான் மடிப்பு மடிப்பாகப் பிரிகிறது. அடித்த சூடு ஆறுவதற்குள் சால்னா விழவேண்டும். இது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் வாய்க்கும்.

இந்த விஷயம் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? என்னுடைய முப்பத்தொன்பதாவது வயதில்.

எங்கள் வகுப்பில் பெண்கள் 11 பேர். திங்கட்கிழமை காலையில் பையன்கள் எல்லாம், "நேத்து மூணாவது மைல் பக்கம் போனோம்ல, மாஸ்டர் கொத்துப் புரோட்டா போட்டாரு பாரு" என்று கதை கதையாகச் சொல்லுவார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். நாங்கள் நைட் கிளப் புரோட்டா சாப்பிடாதவர்கள் இல்லை. ஆனால் அத்தனையும் பார்சல். அண்ணன் வாங்கி வருவான். வாழை இலையில் பொதிந்து, மேலே பேப்பர் சுற்றி, சால்னா தனியாகப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வரும். வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது புரோட்டா செருப்புத் தோல் மாதிரி இருக்கும். தூத்துக்குடிப் புரோட்டா என்றால் இதுதான் போல என்று பல வருஷம் நம்பியிருந்தோம். (2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபிறகு பல வீடுகளில் தூக்குவாளி திரும்ப வந்திருக்கிறது. சால்னா வாங்கப் போகிறவர்கள் ஒன்று கொண்டுபோங்கள். மாஸ்டர் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்.)

ஒரு மார்ச் 31, ஆபீசில் கணக்கு முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. நாங்கள் நாலு பெண்கள். பசி. வீட்டில் போய்ச் சமைக்கிற தெம்பு யாருக்கும் இல்லை. எங்களில் மூத்தவர், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தவர், "வாங்கடி, நைட் கிளப்புக்குப் போவோம்" என்றார். போனோம். கடைக்காரர் பதறிப்போய், "பார்சலா யம்மா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, உக்காந்து சாப்பிடணும்." "அப்ப உள்ள ரூம்ல உக்காருங்க, யாரும் வரமாட்டாவ." "இல்ல அண்ணாச்சி, இங்கயே, கல்லு பக்கத்துல." ஒரு பெஞ்சைக் காலி பண்ணச் சொல்லி, துண்டால் ரெண்டு தடவை துடைத்துக் கொடுத்தார். முதல் ரெண்டு நிமிஷம் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் இலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் ஏழு புரோட்டா சாப்பிட்டேன். எண்ணிச் சொன்னவர் கடைக்காரர்தான், நான் எண்ணவில்லை.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து மீன். சென்னையில் வஞ்சிரம் என்பது நமக்குச் சீலா. விளமீன், ஊழி, பாறை, சாளை, நண்டு எல்லாம் கிடைக்கும். எப்போது சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். நம் துறைமுகத்து விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. பல நாள் கடலில் தங்கி ஐஸில் புதைத்துக் கொண்டுவருகிற வழக்கம் இங்கே கிடையாது. அன்றன்றைய மீன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகு வந்து சேரும்போது கூட்டம் நெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் அப்படித்தான். மே மாசம் லீவுக்கு வந்து, "மீன் இந்த விலையா?" என்று சண்டை போடுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளவும்.

குடிக்க என்றால் எனக்கு முதலில் பதநீர். பங்குனி பிறந்துவிட்டால் திருச்செந்தூர் ரோட்டில் காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காய் சீவிப் போட்டுத் தருவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் பதநீராக இறங்குகிறது. வெயில் ஏற ஏற ருசி மாறும். பத்து மணிக்குமேல் தேடிப்போகாதீர்கள். மற்ற மாசங்களில் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி இருக்கிறது, நன்னாரி சர்பத் இருக்கிறது. கலர் குடிக்கிறவர்களுக்குப் பவண்டோ இருக்கவே இருக்கிறது. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய கம்பெனிச் சரக்கு. புரோட்டாவுக்குப் பிறகு ஒரு பவண்டோ குடித்து ஏப்பம் விடாதவன் இந்தக் கல்லூரியில் படித்தவனாக இருக்க முடியாது.

மக்ரூன் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? போர்த்துக்கீசியர் விட்டுப்போன பண்டம் என்பார்கள். அவர்கள் பாதாமில் செய்தது, நம் பேக்கரியில் முந்திரிக்கு மாறிவிட்டது. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றுதான். ஒரு துளி மைதா கிடையாது. ஈரக்காற்று பட்டால் போச்சு, பிசுபிசுத்துவிடும். ரயிலில் கொண்டுபோகிறவர்கள் பையை ஊர் போய்ச் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும். வழியிலேயே பாதி காலியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

இனி சுற்றுகிற இடங்கள். நம் கடலில் அலை பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மன்னார் வளைகுடாவில் வரிசையாகத் தீவுகள் இருப்பதால் கடல் குளம் மாதிரி கிடக்கும். தீவுகளுக்கு நினைத்தபடி போக முடியாது, தேசியப் பூங்கா. ஆனால் காலையில் பீச் ரோட்டுப் பக்கம் நடந்து பழைய துறைமுகத்தில் நிற்கிற தோணிகளைப் பாருங்கள். மரத் தோணியில் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறார்கள் என்றால் வெளியூர்ப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். (2011 ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நானும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தேன். நவம்பரிலேயே நின்றுவிட்டது.) சாயங்காலம் ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. முயல் தீவுக்குப் போகிறவர்கள் பகலிலேயே போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். இருட்டினால் திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம்.

எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி வெளியே போக வருஷத்தில் சில நாள்தான் கிடைத்தது. அதில் பெரியது பனிமய மாதா கோயில் திருவிழா, ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. நாங்கள் வேறு மதம்தான், ஆனாலும் கொடியேறிவிட்டால் வீட்டில் தடை சொல்லமாட்டார்கள். பத்து மணி வரைக்கும் கடை கடையாக, வளையல், மிட்டாய், ராட்டினம். அந்தப் பதினோரு நாளும் ஊர் எங்களுக்கும் சொந்தமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் பழையபடி ஆறு மணிக்கு வீடு.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. நைட் கிளப்புகளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், ஏசி போட்டு உட்கார வைக்கிற கடைகளும் வந்துவிட்டன. ஆனால் போன மாசம் நம் விடுதித் தங்கைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று கேட்டேன். "மூணு வருஷமா இங்க இருக்கீங்களே, நைட் கிளப்புக்குப் போயிருக்கீங்களா?" ஒரு பிள்ளை தேனிக்காரி, ஒரு பிள்ளை பரமக்குடி. ரெண்டு பேரும் சிரித்தார்கள். "கேட்டு ஆறரைக்குப் பூட்டிருவாங்கக்கா. கல்லு சூடாகிறதே அப்பதான்."

நம் கல்லூரியில் ஆண்கள் விடுதி ஒன்பது மணி, பெண்கள் விடுதி ஆறரை மணி. நான் படித்தபோதும் இதேதான். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். அதை நான் லேசாகப் பேசவில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கல்லூரியில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பாதி விளக்கு எரியவில்லை. அதுவும் உண்மை. அப்படியானால் விளக்கைப் போட வேண்டும், பிள்ளைகளைப் பூட்டக் கூடாது. சங்கத்தில் இந்த வருஷம் வசூலான பணத்தில் வாசலுக்கு ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வளைவு இருக்கட்டும். அந்த ரோட்டில் விளக்கும், சனிக்கிழமை ராத்திரி ஒன்பது வரை விடுதிக்கு ஒரு வேனும் ஏற்பாடு செய்தால் எவ்வளவு ஆகும் என்று பொருளாளரைக் கேட்டேன். கணக்குப் பார்த்துச் சொன்னார். வளைவை விடக் குறைவு. நாளைக் காலைப் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எங்கள் வகுப்புப் பெண்கள் வந்திருப்பவர்கள் 6 பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். திங்கட்கிழமை கதை சொன்ன பையன்களில் 9 பேர் போட்டிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற அண்ணாச்சிமார், பேனா என்னிடம் இருக்கிறது.

இன்றைக்கு மட்டும், விடுதிக் காப்பாளர் அம்மா பத்து மணி வரை அனுமதி தந்திருக்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள். 22 தங்கைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏழரைக்கு மெயின் கேட்டில் இருந்து வேன் கிளம்பும். அதில் தங்கைகளுக்கு மட்டும்தான் இடம். மற்றவர்கள் அவரவர் வண்டியில் பின்னாலேயே வரவும். கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று, கல்லுக்குப் பக்கத்துப் பெஞ்சுகள் நமக்கு. பார்சல் யாரும் கேட்காதீர்கள்.