சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாளும் அவருடைய சித்தியும்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

குடும்பத்துக்கும் தெய்வத்துக்கும் சமூகத்துக்கும் ஒருங்கே உழைத்த ஒரு மாதரசியைப் பற்றி இன்று பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாளைத் தவிர வேறொருவர் பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அவ்வம்மையாரைப் பற்றிப் பேசப் புகுந்தால் அவருடைய சித்தியைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சுப்புலக்ஷ்மி அம்மாள் 1886-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். தந்தையார் சர்க்கார் உத்தியோகஸ்தராகிய சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாக்ஷி அம்மாள். அக்கால வழக்கப்படி பத்துப் பதினொரு பிராயத்தில் விவாகம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவனார் இறந்தார். அவர் முகத்தைக்கூட அக்குழந்தை நன்கு அறிந்திருக்க நியாயமில்லை. அதன்பின் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு என்ன நேரிடும் என்பது இங்குள்ள முதியோர்களுக்குத் தெரியும். தலைமயிரைக் களைவார்கள், நார்மடி உடுத்துவார்கள், ஒருவேளைச் சோறு, சுப காரியங்களில் எதிரே வரலாகாது. நாற்பது பேர் உண்ணும் வீட்டில் அவளுக்கு உரிய இடம் அடுக்களையின் புகைமூலை ஒன்றே.

சுப்பிரமணிய ஐயரும் விசாலாக்ஷி அம்மாளும் இதற்கு இசையவில்லை. அவர்கள் ஆசாரத்தை விட்டவர்கள் அல்லர். பூஜையும் விரதமும் குறைவற நடந்த வீடுதான் அது. ஆனால் தம் குழந்தையின் தலையில் கத்தி படுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கையில் புஸ்தகத்தைக் கொடுத்தார்கள். ஊரார் ஏசினார்கள், உறவினர் விலகினார்கள். அப்பெண் படித்துக்கொண்டே இருந்தாள். 1911-இல் மாகாணக் கலாசாலையில் சிறப்பாகத் தேறி பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீ என்று அவரைச் சொல்வது வழக்கம்.

பட்டத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரை நினைக்கமாட்டோம். தம்மைப்போன்ற பால்ய விதவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கையில், தமக்கு வாய்த்த தாய் தந்தையர் அவர்களுக்கு வாய்க்கவில்லையே என்ற எண்ணம் அவரை வருத்தியது. 1912-இல் சாரதா மாதர் சங்கத்தை ஏற்படுத்தி, எழும்பூரில் தம் குடும்பத்தார் வசித்த வீட்டிலேயே சில விதவைப் பெண்களை வைத்துப் படிக்கச் செய்தார். பெண் பாடசாலைகளை மேற்பார்வை செய்துவந்த லிஞ்ச் என்னும் மாது சர்க்கார் உதவி கிடைக்கும்படி பெரிதும் முயன்றார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பெண்கள் பெருகவே இடம் போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் உண்டல்லவா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது அது. பின்னர் வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாக இருந்தது. 1897-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் அங்கேதான் தங்கினார்கள். அக்கட்டடத்தை 1917-இல் சர்க்கார் வாங்கினர். விதவைப் பெண்களின் விடுதி அதில் நடைபெற்றது. பனிக்கட்டிக்காக எழுப்பிய சுவர்களுக்குள்ளே, ஊர் ஒதுக்கிய பெண்கள் உட்கார்ந்து கணக்கும் பூகோளமும் படித்தார்கள்!

இப்போது சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். விசாலாக்ஷி அம்மாளின் தங்கையாகிய வாலாம்பாள் அம்மாளே அவர். அவரும் இளமையிலேயே கைம்மை எய்தியவர். சுப்புலக்ஷ்மி அம்மாள் பாடசாலையிலும் சர்க்கார் ஆபீஸுகளிலும் அலைந்துகொண்டிருக்கையில், விடுதியின் வீட்டுக் காரியங்களைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் சித்திதான். இது அற்ப காரியம் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். ஒரு தகப்பனார் தம் விதவைப் பெண்ணை அங்கே அனுப்புவதற்கு முன் என்ன கேட்பார்? பாடத்திட்டம் யாது என்றா கேட்பார்? "சமையல் யார்? மடி உண்டா? ஏகாதசி உண்டா?" என்றுதான் கேட்பார். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் சித்தி ஒருவரே. தமக்கை மகளின் பி.ஏ. பட்டத்தைக் கண்டு பயந்தவர்கள் சித்தியின் வெள்ளைப் புடைவையைக் கண்டு தைரியம் அடைந்திருப்பார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

தொடக்கத்தில் அவ்விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இதைக் குறைகூறுவோர் உண்டு. குறை குறைதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வேறு விதமாக நடத்தியிருந்தால் ஒரு பெண்ணும் வந்திருக்கமாட்டாள் என்று அவர் கருதியிருக்கக்கூடும். ஆனால் அவருடைய மனம் அந்த வேலிக்குள் அடங்கியதன்று. ஐஸ் ஹவுஸை அடுத்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்காகவும் அவர் பாடுபட்டார். 1922-இல் ஏற்பட்ட லேடி வில்லிங்டன் போதனாமுறைக் கலாசாலைக்குத் தலைவியானார். வயது மிகுந்த விதவைகளுக்கு ஐஸ் ஹவுஸில் இடமில்லாமையால், 1927-இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1938-இல் அதை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்புவித்தார். தாம் வளர்த்ததைத் தம்முடையது என்று பிடித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவது எளிதன்று. சங்கம் நடத்துகிற நமக்கு அது தெரியும்!

பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறுவதற்கு முன் விசாரணை நடத்திய ஜோஷி கமிட்டியார் முன்னிலையிலும் அவர் சாக்ஷியம் சொன்னார். சட்டசபை அங்கத்தினர் பதவியும் 1958-இல் பத்மஸ்ரீ விருதும் பின்னர் வந்தன. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் பாட்டனாருக்கு ஒரு தங்கை இருந்தார். அத்தைப்பாட்டி என்று அழைப்போம். ஒன்பது வயதில் கைம்மை அடைந்தவர். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "குழந்தையை ஐஸ் ஹவுஸுக்கு அனுப்புங்கள், சுப்புலக்ஷ்மி என்று ஒருத்தி படிக்கவைக்கிறாள்" என்று கொள்ளுத்தாத்தாவிடம் சொன்னாராம். "அங்கே சமையல் யார் கையால்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் எழுந்து போய்விட்டாராம். அவர் கொடியவர் அல்லர். பெண்ணிடம் பிரியம் உள்ளவர்தான். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் அப்பிரியத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. நாவிதனை வரவழைத்தவரும் அவரே. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள். அதனால் அத்தைப்பாட்டிக்கு என்ன லாபம்?

அறுபது வருஷம் அவ்வம்மாள் எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தார். எங்களுக்கெல்லாம் சோறிட்டவர் அவர். பிரசவம் பார்த்தவர் அவர். இராமாயணம் முழுவதையும் காதால் கேட்டே மனனம் செய்தவர். எழுத்து மட்டும் தெரியாது.

1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று சுப்புலக்ஷ்மி அம்மாள் காலமானார். பத்திரிகையில் வந்த செய்தியை, அப்போது சிறுவனாயிருந்த நான் அத்தைப்பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். மணையில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பட்டங்கள், பதவிகள், விருது எல்லாவற்றையும் படித்து முடித்தேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அங்கே சமையல் யார் பார்த்துக்கொண்டாள்னு போட்டிருக்காடா?" என்று கேட்டார்.

மறுபடியும் முதலிலிருந்து தேடிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை. "இல்லை, பாட்டி" என்றேன்.