ஒப்படைக்கத் தெரிந்த அறிவு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளைப் புரட்டி வரும் ஓர் எழுத்தன் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச முன்வந்தது துணிச்சலே. ஆயினும், நான் பேசப்போவது விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பைப் பற்றியன்று; அவர்கள் பின்னால் வருபவர்களுக்கு வைத்துச் செல்லும் கணக்கைப் பற்றியே. அதில் எனக்கும் சிறிது பழக்கம் உண்டு.

இன்று விண்மீன்களை ஆராய்வோரும், நோய்களை ஆராய்வோரும், பருவமழையை ஆராய்வோரும் கணிப்பொறியின் துணையின்றி ஓர் அடியும் எடுத்துவைப்பதில்லை. அப்பொறிக்கு வரிவரியாக எழுதித்தரும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பல ஆண்டு உழைத்து ஒரு நிரலை எழுதுகிறார், பட்டம் பெறுகிறார், வேறூர் போய்விடுகிறார். அவருடைய கட்டுரை நூலகத்தில் வாழ்கிறது. நிரலோ எவருக்கும் விளங்காமல் மூலையில் கிடக்கிறது. ஆராய்ச்சி மாணவனான என் தமையனார் மகன் ஒருநாள், "சித்தப்பா, முன்னவர் எழுதி வைத்துப்போனதைப் புரிந்துகொள்வதற்கே எனக்கு ஓராண்டு போய்விட்டது" என்றான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊர் அலுவலகத்தில் நிலுவைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. எந்த விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சிவப்பு மையில் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறித்து வைப்பேன். எனக்கு அது வெட்டவெளிச்சம். திடீரென மாற்றல் உத்தரவு வந்தது. சாவிகளையும் ஏடுகளையும் எண்ணிக் கொடுத்து, பட்டியலில் கையெழுத்திட்டுப் புறப்பட்டேன். குறிகளின் பொருளை எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்து அங்கே சென்றபோது, தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்து இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியத்துக்காக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னுடைய இரண்டு புள்ளிகளின் பொருள் தெரியாமல், அவர் விண்ணப்பம் முடிந்தவற்றின் கட்டில் சேர்ந்து போயிருந்தது. எனக்குப் பின் வந்தவர்மீது குற்றமில்லை. நான் ஏட்டை ஒப்படைத்தேன்; வேலையை ஒப்படைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் ஹன்டர். அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த விலைக்கு வாங்கிய மென்பொருளுக்கு ஒரே ஓர் உரிமம். அதைத் திறக்கும் சாவிக் கருவியும் ஒன்றே. மாணவரும் மருத்துவரும் முறைவைத்து அதைக் கைமாற்றிக்கொண்டிருந்தனர். ஹன்டர் தாமே ஒரு வழி காண முற்பட்டார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்ததே, எண்களை வரைபடமாக்கிக் காட்டும் மாட்பிளாட்லிப் என்னும் நிரல். 2003இல் அதை வெளியிட்டார். யாவரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என்று மூலவரிகளைத் திறந்து வைத்தார். திருத்த வந்தவர்களைத் தோழர்களாக்கிக் கொண்டார்.

2012 ஜூலையில் மாநாடொன்றில் அந்நிரலைப் பற்றிப் பேசி ஊர் திரும்பியவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், 44ஆம் வயதில் காலமானார். அவரோடு நிரல் மடியவில்லை. 2019 ஏப்ரல் 10ஆம் நாள், ஏறத்தாழ 5½ கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கருந்துளையின் படத்தை விஞ்ஞானிகள் உலகுக்குக் காட்டினார்களே, அப்பணிக்குத் துணைநின்ற நிரல்களுள் அதுவும் ஒன்று. மூளையைப் பார்க்க எழுதியது, வானத்தைப் பார்க்க உதவியது!

இது எவ்வாறு இயன்றது? நம் அலுவலக விதிநூல்களில் ஒவ்வொரு திருத்தச் சீட்டுக்கும் எண்ணும் நாளும் உண்டு. அவ்வாறே நல்ல நிரலிலும் யார், என்று, எதற்காக மாற்றினார் என்பது பதிவாகிறது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சரிபார்க்கிறார்கள். புதிதாக வருபவருக்கு விளங்கும்படி விளக்கவுரை எழுதுகிறார்கள். எடுத்தாளும் உரிமையை எழுத்தில் தருகிறார்கள். இவற்றுள் எதற்கும் பேரறிவு வேண்டுவதில்லை. நாளை வரப்போகும் முகம் தெரியாத ஒருவர்மீது அன்பு வேண்டும்.

ஆனால் அன்பு மட்டும் போதுமா? கருந்துளைப் படம் வெளியான ஐந்தாம் நாளே, அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை, அதற்கு உதவிய நிரல்களைப் பேணுவதற்குப் பொருள் கேட்ட விண்ணப்பத்தைப் போதிய பயன் இல்லை என்று தள்ளிவிட்டது. பாலத்தைக் கட்டியவருக்கு மாலை கிடைக்கிறது. ஆண்டுதோறும் அதன் ஆணியை முடுக்குபவரை யாரும் கேட்பதில்லை. நல்லவேளையாக, அவ்வாண்டின் பிற்பகுதியில் தனியார் அறக்கொடை ஒன்று இத்தகைய நிரல்களைப் பேணுவதற்கென்றே பொருள் வழங்கியது. ஹன்டரின் நிரலும் பயன்பெற்றது. எனினும், பேணும் தொழிலுக்கு ஊதியமும் பெயரும் நிலையாகக் கிடைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே என் எண்ணம்.

பெரியோர்களே, இவ்வவையில் உள்ள பலருடைய பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் இருக்கிறார்கள். சிலர் ஆராய்ச்சியும் செய்கிறார்கள். விடுமுறைக்கு வீடு வரும்போது, "என்ன சாதித்தாய்?" என்று கேட்கிறோம். அதோடு, "நாளை நீ அங்கே இல்லாவிட்டால் அடுத்தவர் அதை எடுத்து நடத்த முடியுமா?" என்றும் கேட்போமாக. அந்த அம்மையாருக்குப் பணம் பின்னர் கிடைத்தது. ஏழு மாதத்தை மட்டும் எவராலும் திருப்பித்தர இயலவில்லை. அன்று முதல் என் ஏட்டின் முதற்பக்கத்தில் குறிகளின் பொருளை எழுதிய பின்னரே அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன்.