மனச்சிதைவு நோயும் உடல்நலமும்



மனச்சிதைவு நோய்க்கு உள்ளானோர் ஏனையோரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர். இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை மாரடைப்பு முதலிய உடல்நோய்களால் நேர்பவை.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது மரபு. மனநோயுள்ள குடும்பங்களில் நீரிழிவும் மிகுந்து காணப்படுவதை ஹென்றி மோட்ஸ்லி 1879ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார். தெற்காசியரிடையே நீரிழிவு ஏற்கெனவே அதிகம். இரண்டாவது மருந்து. ஒலான்சபின், குளோசபின் ஆகியவை பசியைத் தூண்டி உடல் எடையைக் கூட்டுகின்றன; எவருக்கு எவ்வளவு கூடும் என்பதிலும் மரபணுக்களுக்குப் பங்குண்டு. மூன்றாவது வாழ்முறை: புகைத்தல், நடமாட்டமின்மை, இனிப்புப் பானங்கள், அளவு மிஞ்சிய சோறு.

ஆகவே, உடல் பருத்த பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது அநீதி. எடைக்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவதோ பேராபத்து. நோய் மீண்டும் தாக்கக்கூடும். மாற்று மருந்து பற்றியும் மெட்ஃபோர்மின் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். எடை, இடுப்புச் சுற்றளவு, குருதியமுக்கம், குருதிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் காலந்தோறும் அளக்குமாறு கோருங்கள். தெற்காசியருக்கு இடுப்பளவு எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்.

ஊர் அறிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும் என்றெண்ணி நோயுற்றவரை அறைக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. அந்த அறையிலேயே நீரிழிவும் எவருக்கும் தெரியாமல் வளர்கிறது. மொழி தடையாயின் இளையோர் பெற்றோருடன் மருத்துவரிடம் செல்லட்டும். மாலையில் அண்ணனையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு அரை மணிநேரம் நடக்கட்டும். அவர்களின் ஆயுளைக் காக்கும் பணி அங்கிருந்தே தொடங்குகிறது.